மார்லிஸ் கொடுத்த மாவு

மூன்றாவது பையை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் ஆர்லன் தன் இரும்புக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதல் இரண்டைப் பாதிரியார் தலையிலும் பல் டாக்டர் தலையிலும் கட்டியாகிவிட்டது.

பைக்குள் இருந்தது ரொட்டி சுடுவதற்கான புளிக்கிற மாவு. பத்து நாளைக்கு முன், தேவாலயத்தில் பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது, இன்னும் கல்யாணம் ஆகாத மார்லிஸ் கொடுத்தது. கூடவே ஒரு சீட்டு: தினமும் பிசைய வேண்டும், ஐந்தாம் நாள் மாவும் பாலும் சர்க்கரையும் ஊட்ட வேண்டும், பத்தாம் நாள் நாலாகப் பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவர்களும் அப்படியே.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பொறுக்க முடியாமல் போனால், "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். அங்கே அதுதான் வசவு.

ஒரு ஆணி கேட்டு வந்தவனுக்கு ஒரு பெட்டியை விற்று, சுத்தியலையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிற ஆர்லனுக்கு, இந்த மாவைத் தூக்கி எறிவது ஒரு வேலையே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறதே.

"நம்ம மாவு எப்படி இருக்கு, ஆர்லன்?" என்றாள் மார்லிஸ்.

மனைவி போய்ச் சேர்ந்த ஆறு வருஷத்தில் அவரிடம் யாரும் எதையும் 'நம்ம' என்று சொன்னதில்லை.

"கொழுகொழுன்னு இருக்கு," என்றார்.

"அப்படியா," என்று அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிரவு ஆர்லன் மாவுக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டார்.

அடுத்த பத்தாம் நாள் கார் மெக்கானிக் ரால்ஃபைப் பிடித்தார்.

"உனக்குன்னே எடுத்து வெச்சேன்," என்றார்.

"எங்கிட்ட ஏற்கெனவே மூணு இருக்குப்பா. பாதிரியார் ரெண்டு, பல் டாக்டர் ஒண்ணு. எல்லாம் நீ குடுத்ததோட பேரப்பிள்ளைங்க."

"நாலா இருந்துட்டுப் போகட்டுமே."

"வித்தியாசமா இருக்கே," என்றார் ரால்ஃப்.

ஆர்லன் சாமான் கட்டும் தாளில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு, பதினாறு, அறுபத்து நாலு, இருநூற்று ஐம்பத்தாறு. ஐந்தாவது சுற்றில் ஆயிரத்து இருபத்து நாலு பை. ஊர்ப் பலகையில் ஜனத்தொகை நானூற்றுப் பன்னிரண்டு. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு இரண்டு, மிச்சம் மாடுகளுக்கு.

குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினார். அது சுகமாகத் தூங்கிவிட்டு, வெளியே எடுத்ததும் பசியோடு எழுந்தது. பூட்டாத கார்களில் பையை வைத்துவிட்டு நழுவினார். ஒரே வாரத்தில், அந்த ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் காரைப் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். சுத்தியல் வாங்கினால் மாவு இலவசம் என்று கடையில் எழுதிப் போட்டார். ஜனங்கள் சுத்தியலுக்கு முப்பது மைல் தள்ளிப் போனார்கள்.

மளிகைக்கடை டோரிஸ் கையை விரித்துவிட்டாள். "சர்க்கரை கிடையாது. ஊரே ஊட்டிக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமை லாரி வரும்."

ஆர்லனுக்குப் பளிச்சென்றது. சாப்பாடு இல்லாவிட்டால் எதுதான் பெருகும்? பட்டினி போட்டார். நாலே நாளில் கொப்புளங்கள் அடங்கின. மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது. நகச்சாய வாடை அடித்தது. 'தானாப் போச்சு, நம்ம மேல பழியில்லை' என்று நிம்மதியாகத் தேவாலயத்துக்குப் போனார்.

"நம்ம மாவு?"

"அது வந்து... கொஞ்சம் சோர்வா இருக்கு."

"சோர்வுன்னா?" மார்லிஸின் முகம் மலர்ந்ததா சுருங்கியதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சுருங்கியதாகவே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடி, காப்பிக்கு ஒளித்துவைத்திருந்த கடைசிச் சர்க்கரையை மாவு ஜாடிக்குள் கொட்டினார்.

காலையில் ஜாடி மூடி விட்டத்தில் ஒட்டியிருந்தது. மாவு மேசையிலிருந்து இறங்கி, அவருடைய தேவாலயக் காலணி இரண்டையும் நிரப்பிவிட்டு, வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

ஆர்லன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மார்லிஸ் வேண்டும், ஆனால் இந்த மாவுக் குடும்பத்தைக் கட்டி மேய்க்க முடியாது. மண்வாரியை எடுத்தார். ஜாடி, பை, காலணி, சீட்டு எல்லாவற்றையும் வாரிக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடினார். நெஞ்சில் எதையோ புதைத்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலை குப்பை லாரி வந்து நின்றது. இறங்கி வந்தவர் டெல்மர், மார்லிஸின் சொந்த அண்ணன். தொட்டியைத் தூக்கி லாரியில் கவிழ்ப்பதை விட்டுவிட்டு, மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தார். சீட்டை எடுத்து உதறிப் படித்தார்.

"இது எங்க மார்லிஸ் எழுத்தில்ல?"

ஆர்லன் சீட்டைப் பிடுங்கப் பார்த்தார். "டெல்மர், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. என்னால முடியலப்பா. வேணாம், அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை சொல்லு."

"வேணாம்னேன்."

டெல்மர் கையுறையைக் கழற்றிவிட்டு ஆர்லனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வேணாம்னு வாய்விட்டுச் சொல்லத் தெரிஞ்சவனைத்தான் கட்டிப்பேன்னு ஊர்ல மூணு ஒண்டிக்கட்டைங்களுக்கு இதைக் குடுத்துவெச்சா என் தங்கச்சி, மத்த ரெண்டு பேரும் இன்னும் பிசைஞ்சுகிட்டுதான் இருக்கானுங்க, மாப்பிள்ளை."