சிவப்பு தெரியாத மானிட்டர்

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை என் ரத்தத்தைக் கொதிக்கவைத்த ஒரே மனிதர் 'கறுப்புவெள்ளை'தான். பழைய மானிட்டர் ரிப்பேர் செய்பவர். நிஜப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி.

அப்போது மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் நான் கிளார்க். தினமும் காலையில் கம்ப்யூட்டரில் கடல் நிலவரம் பார்த்து மைக்கில் சொல்வேன். ஆபத்து என்றால் கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து வரும். இல்லையென்றால் காலியாக இருக்கும். உப்புக் காற்றில் கலர் மானிட்டர் செத்துப்போக, புதிது வாங்க செங்கல்பட்டு போனேன். வழியிலேயே கறுப்புவெள்ளை மடக்கினார்.

"கலரு இன்னாத்துக்கு? எழுத்து தெரிஞ்சா போதாதா?"

மறு நிமிடம் ஒரு கறுப்புவெள்ளை மானிட்டரோடு என்னுடன் பஸ் ஏறிவிட்டார். திருக்கழுக்குன்றம் வரை நான் நின்றுகொண்டே வந்தேன். மானிட்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது!

கம்ப்யூட்டரிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒயர். மானிட்டருக்கோ ஒரே வாய். பச்சையை மட்டும் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை திரை காலி. "தாராளமா போலாம்" என்று மைக்கில் சொன்னேன். முதல் படகைத் தண்ணீரில் தள்ளும்போது, முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய கறுப்புவெள்ளை மணலில் விழுந்தடித்து ஓடி வந்தார். தாவிப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"யாரும் போவாதீங்க! பச்ச ஒயரு மட்டுந்தான் மாட்டிகீறேன். செவப்புல இன்னா வந்தாலும் அதுல தெரியாது!"

"யோவ், இத நேத்தே சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"இப்பதானே தோணிச்சி! நீ ஒருதபா போன் போட்டுக் கேட்டுக்கமாட்ட? நீயெல்லாம் ஒரு கிளார்க்கு!"

திட்டு எனக்கு! படகு ஆட்கள் வேறு அவர் பக்கம் தலையாட்டினார்கள்.

பிறகு மூன்று ஒயரிலும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வைத்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அந்த ஒரே வாயில் பற்றவைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் மெல்ல எழுந்தது: 'கடலுக்குச் செல்ல வேண்டாம்'. மத்தியானம் அலை எங்கள் ஆபீஸ் படிவரை வந்துபோனது. கடைசிவரை ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை அந்த மனுஷன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலை அவரைப் படகிலிருந்து இறக்கியவன் நான்தான். அவருக்கு நீச்சல் தெரியாது; முழங்கால் தண்ணீரைப் பார்த்தே என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருந்த ஆத்திரத்துக்கு அந்தக் கையை உதறியிருக்க வேண்டும். கரை வந்த பிறகும் விட மனம் வரவில்லை.