இணக்க ஆண்டில் ஒரு கதவு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்துச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தக் குறையைப் போக்கவே எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் ‘இணக்க’த்தைக் கண்டுபிடித்தது. மேற்பார்வையாளரும் பள்ளித் தலைமையாசிரியர்களும் கீரியும் பாம்புமாக இருந்த காலம் மலையேறிவிட்டது, இனி நகமும் சதையுமாக இருப்போம் என்று எங்கள் மேற்பார்வையாளர் அறிவித்தார். இந்த ஆண்டு முழுவதும் ‘இணக்க ஆண்டு’ என்றார். அறிவித்த களைப்பில் அன்று பிற்பகல் அவர் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பெருந்தகையின் உதவியாளன் நான். அவருடைய அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேடி வருகிறவர்களிடம், "சார் உள்ள முக்கியமான வேலையா இருக்கார்" என்று சொல்வது என் பணி. பல வருடமாகச் சொல்லிவருகிறேன், ஒரு தடவைகூட நாக்குக் குழறியதில்லை. என் பணி வாழ்க்கையில் களங்கம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஊர்க்கோடியில் இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியை என் கூடப் பிறந்த அக்கா. அலுவலகத்தில் நான் அவளை ‘மேடம்’ என்பேன். அவள் என்னை எங்கே பார்த்தாலும் ‘டேய்’தான்.

அக்காவுக்கு வேண்டியது ஒரு கதவு. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு மழையில் ஊறி உளுத்துக் கழன்று விழுந்துவிட்டது. அந்த இடத்தில் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் அது கூரைமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"பிள்ளைங்க காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்கடா," என்றாள் அக்கா. "குடிச்சா அங்க போகணுமேன்னு பயம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு வெயில்ல மயங்கி விழுந்துட்டா. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கே வரல. அப்படியே வீட்டோட நிறுத்திடுவாங்க போலிருக்கு. உங்க சார்கிட்ட ஒரு கதவு கேளு."

எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் தொழில் பழக்கம் விடுமா?

"சார் உள்ள முக்கியமான வேலையா இருக்கார்," என்றேன்.

"டேய், நீ இப்ப நின்னுக்கிட்டு இருக்கிறது என் சமையல்கட்டுல," என்றாள் அக்கா.

இந்த நிலையில்தான் வரலாற்றுச் சிறப்பு மிக்க ‘இணக்கப் பயிலரங்கம்’ கூடியது. வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்கள். பேசாத நேரத்திலும் சிரித்துக்கொண்டே இருப்பது அவருடைய தகுதி. அவர் வாயைத் திறந்ததும் அக்கா எழுந்துவிட்டாள்.

"சார், எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு கதவு..."

"மேடம், முதல்ல நம்ம மனக்கதவைத் திறப்போம்."

"அது திறந்துதான் சார் கெடக்கு. எனக்கு வேண்டியது மூடுற கதவு."

மேற்பார்வையாளர் மேடையிலிருந்து பரிவோடு குறுக்கிட்டார். "இதைத்தான் நான் ‘கோரிக்கை மனநிலை’ங்கறேன். கேக்கறது, கொடுக்கறதுன்னே இருந்தா உறவு எப்படி மேடம் வளரும்?"

அடுத்து ‘நம்பிக்கைப் பயிற்சி’. அலுவலகத்தார் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், தலைமையாசிரியர் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தது என் அக்கா. சொந்த ரத்தம் என்று நம்பிச் சாய்ந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"ஐயோ, அம்மா!"

"கதவு எப்படா வரும்?" என்று மேலே இருந்து கேட்டாள்.

"அருமை!" என்று கைதட்டினார் பயிற்சியாளர். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒளிவுமறைவே இல்ல!"

நிறைவுரையில்தான் எங்கள் மேற்பார்வையாளர் இமயத்தைத் தொட்டார். "உங்களுக்கும் எனக்கும் நடுவுல எது தடையா நிக்குது?" என்று கர்ஜித்தார். ஒருவர் "தூரம்" என்றார். இன்னொருவர் "பஸ்ஸே கிடைக்கிறதில்ல சார்" என்றார்.

"இல்ல! கதவு! என் அறைக்கதவு! இனிமே எனக்குக் கதவே வேண்டாம்! கழற்றுங்க அதை!"

அரங்கம் அதிர்ந்தது. எல்லாரையும்விட அக்காதான் பலமாகக் கைதட்டினாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

தச்சர் வந்து கதவைக் கழற்றினார். நல்ல தேக்குக் கதவு. மேலே பித்தளைப் பட்டயத்தில் ‘மேற்பார்வையாளர்’ என்றும், கீழே சிவப்பு மையில் ‘முன் அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்றும் இருந்தது. புகைப்படம் எடுத்தார்கள். மாலை மரியாதையோடு கதவைத் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு எல்லாரும் கலைந்து போனார்கள்.

சாயங்காலம் அதே தச்சரோடும் ஒரு சரக்கு ஆட்டோவோடும் அக்கா வந்து இறங்கினாள்.

"என்னடா மசமசன்னு நிக்கிற? அந்தப் பக்கம் பிடி."

"மேடம், இது அலுவலகச் சொத்து..."

"வேண்டாம்னு உங்க சார் மைக்குல சொன்னாரா இல்லையா? பிடிடா!"

பிடித்தேன். மேற்பார்வை அலுவலகமும் பள்ளித் தலைமையும் ஒரே சுமையை, ஒரே நேரத்தில், ஒரே திசையில் தூக்கிச் சென்றது எங்கள் மாவட்டத்தில் அதுவே முதல் தடவை. அதைப் படம்பிடிக்க ஒருவரும் இல்லை. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

‘கதவில்லா நிர்வாகம்’ மகத்தான வெற்றி பெற்றது. சிக்கலே அதுதான். தலைமையாசிரியர்கள் நேராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். ஒருவர் கூரை ஒழுகுகிறது என்றார். ஒருவர் கணக்கு வாத்தியார் இல்லை என்றார். ஒருவர் மின்விசிறிக் காற்றுக்காகவே வந்து உட்கார்ந்தார். என் நிலைமை அதைவிடப் பரிதாபம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "சார் உள்ள முக்கியமான வேலையா இருக்கார்" என்பேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, குறட்டை இங்கவரைக்கும் கேக்குது" என்பார்கள்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"இணக்கம் கொஞ்சம் ஓவராப் போச்சுய்யா," என்றார் மேற்பார்வையாளர். "கதவை மாட்டு."

"கதவு களப்பணியில இருக்கு சார்."

விஷயம் தெரிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு அக்காவின் பள்ளிக்குப் பறந்தார். அந்தப் பள்ளிக்கு அவர் போனது அன்றுதான் முதல் தடவை. இதையும் இணக்க ஆண்டின் சாதனையாகவே நான் கருதுகிறேன்.

மைதானத்தின் கோடியில் கழிப்பறை வாசலில் தேக்குக் கதவு கம்பீரமாக நின்றது. நிலைக்குப் பொருந்துவதற்காக அடியில் ஒரு சாண் அறுத்திருந்தார்கள். பட்டயத்தை யாரோ துலக்கிப் பளபளப்பாக்கியிருந்தார்கள். குழாயடியில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் முதுகுவலி கொஞ்சம் குறைந்தது.

மேற்பார்வையாளர் கதவை நோக்கி நடந்தார். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"உள்ள பிள்ளை இருக்கா சார். மயங்கி விழுந்தாளே, அவதான். கதவு வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டுத்தான் இன்னிக்குத் திரும்ப வந்திருக்கா. கிட்டப் போகாதீங்க. அதுல எழுதியே இருக்கே, ‘முன் அனுமதியின்றி’ன்னு."

"அது நான் எழுத வெச்சது!"

"நல்லா எழுத வெச்சிருக்கீங்க சார். அதான் நாங்க அழிக்கல."

வேறு வழியில்லாமல் அவர் மரத்தடிக்கு வந்தார். பழக்கதோஷத்தில் நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலை ஆட்டினார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கதவுக்கு வெளியே காத்திருப்பது அவருக்குப் புது அனுபவம்.

கடைசியில் பொறுக்க மாட்டாமல் என்னிடம் கேட்டேவிட்டார்: "உள்ள அப்படி என்னதான்யா பண்றாங்க, இவ்வளவு நேரம்?"

இதே கதவுக்கு வெளியே, இதே நாற்காலியைப் போன்ற நாற்காலிகளில் உட்கார்ந்து, தலைமையாசிரியர்கள் இத்தனை வருடமாக என்னிடம் கேட்ட அதே கேள்வி. அப்போதெல்லாம் என்னிடம் பொய்தான் இருந்தது. அன்று உண்மை கைவசம் இருந்தது.

"உள்ள போன வேலையைப் பாக்கறாங்க சார்," என்றேன். "இந்தக் கதவுக்கு அது புதுசு."