எந்த டெர்மினல்?

இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளின் கழுத்தை நெரிக்க எனக்கு அனுமதி கொடுத்தால், யோசிக்கவே மாட்டேன். டெர்மினல் அண்ணாச்சிதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்குகளைக் கப்பலேற்றிவிடும் சின்ன ஏஜென்சி எங்களுடையது. நான் பேப்பர் வேலை பார்ப்பவன். அவர் எனக்கு எதிர் மேஜை. தூத்துக்குடியில் டெர்மினல் என்றால் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி கப்பலேறும் கண்டெய்னர் டெர்மினல் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இவருக்கு மட்டும் அது கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரை. காயலான் கடைக்குப் போகவேண்டிய ஒரு கம்ப்யூட்டர் டப்பாவைக் கைப்பற்றி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, எல்லாவற்றையும் அந்தக் கறுப்புத் திரையில் தட்டித்தான் செய்வார். மவுஸைத் தொடுவது கௌரவக் குறைச்சல்.

அப்படித் தட்டிச் செய்கிற வேலைதான் என்ன? துப்பாக்கி விளையாட்டு! அதுவும் அவர் வாலிபத்தில் வந்த அரதப் பழசு. பேய்க்கெல்லாம் மூஞ்சி சதுரம் சதுரமாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க டமால் டுமீல். குண்டு இடப்பக்கமாக வந்தால் இவர் நாற்காலியோடு வலப்பக்கம் சாய்வார். சாய்ந்து சாய்ந்து என் டீயை ஷிப்பிங் பில் மேல் கவிழ்ப்பார். நான் கத்தினால், "பொறுல, உசிரு பதினாறு பர்சன்ட்தான் கெடக்கு" என்பார்.

லினக்ஸில் பெரிய காரியம் எதுவானாலும் முதலில் 'சுடு' என்று ஏதோ அடிக்க வேண்டுமாம். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். ஒருநாள் டீ கொண்டுவந்த அக்கா கோபித்துக்கொண்டாள். "சுடச்சுடத்தான அண்ணாச்சி கொண்டாந்தேன்? ஆறிட்டுன்னா சொல்லுதீய?"

இன்னொரு நாள் என்னைப் பார்த்து அலறினார். "ஏலே, செவப்புச் சாவி எங்கல?" பீரோ சாவியாக்கும் என்று பதறி, நான் அரைமணி நேரம் மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். கடைசியில் அது விளையாட்டில் ஒரு கதவுக்கு வேண்டிய சாவியாம். என் முட்டி சிராய்த்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். நிலாவரை இலை விவகாரத்தை எப்படி மன்னிப்பது?

வெளிநாட்டில் பேதி மருந்துக்கு வாங்குகிற இலை அது. ஒரு கண்டெய்னர் நிறைய, அன்று நாலு மணிக்குள் டெர்மினல் கேட்டைத் தாண்டியாக வேண்டும். ஏற்கனவே ஒரு லோடு என்னால் கப்பலைத் தவறவிட்டிருந்தது. இன்னொரு தடவை தவறினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். கேட்டில் காட்டவேண்டிய பேப்பரைக் காலையில் அண்ணாச்சி மேஜையில் வைத்தேன். "மூணு மணிக்கு டெர்மினல்ல இருக்கணும், மறந்துராதீய!" என்று கத்திவிட்டு, சரக்குக்காரரின் குடோனுக்குப் போனேன்.

மூன்றேகாலுக்குப் போன் போட்டேன். "எங்க அண்ணாச்சி இருக்கீய?"

"டெர்மினல்லதாம்ல."

"கேட்டு தொறந்துட்டா?"

"மொத கேட்டு தொறந்தாச்சு. அடுத்த கேட்டுலதான் ரெண்டு பேரு மறிச்சிட்டு நிக்கானுவ. முடிச்சிருதேன்."

பாதுகாப்புக்காரர்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். எதிரே இருந்த சரக்குக்காரரிடம், "உள்ள போயிட்டு, சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு லாரி டிரைவர் கூப்பிட்டான். "அண்ணே, பேப்பர் கொண்டு யாருமே வரலியே. கேட்ட மூடிட்டான்."

அந்த இலையைத் தின்றவன் மாதிரி ஆபீஸுக்கு ஓடினேன். மனுஷன் கறுப்புத் திரைக்கு முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். பேப்பர் மேல் டீ கிளாஸ்.

"ஓய்! டெர்மினலுக்குப் போகச் சொன்னா இங்கன என்ன செய்தீரு?"

"போகவா சொன்ன? இருக்கச் சொன்னல்லா?" என்று விழித்தார். "எப்பவும் வைவ. இன்னைக்கு நீயா இருங்கன்னு சொன்னியேன்னு, சந்தோசமா உக்காந்துட்டேன்ல."

நான் வைத வசவை இங்கே எழுதினால் பத்திரிகை ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது முதலாளி வந்து நின்றார். "யாரு தப்பு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "என் தப்புதான் மொதலாளி. தம்பி சரியாத்தான் சொன்னான். நான்தான் வெளையாடிட்டு இருந்துட்டேன்."

எந்த டெர்மினல் என்று விளக்கமாகச் சொல்லாதது நான். போனில் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்காததும் நான். ஆனாலும் மரம் மாதிரி நின்றேன். என் வேலை நிலைத்தது. அவரை அன்றே ஆபீஸை விட்டுக் கிளப்பி, கண்டெய்னர் டெர்மினல் கேட்டில் நிரந்தரமாக நிற்கும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். வெயிலில், தூசியில், அந்த வயதில்! இவரை யார் பழியை ஏற்கச் சொன்னது? பெரிய தியாகி என்று நினைப்பு! இரண்டு நாள் கழித்து, பொறுக்காமல் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அங்க அவரு நல்லாத்தான வேல பாக்காரு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

டப்பாவை மட்டும் காயலான் கடைக்குப் போகவிடாமல் என் மேஜைக்கு மாற்றிக்கொண்டேன். எதிர் மேஜை காலியாகக் கிடக்கிறது. என் டீயைக் கவிழ்க்க ஆளில்லை. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் நானும் அந்தச் சதுர மூஞ்சிகளைச் சுட ஆரம்பித்திருக்கிறேன். நேற்று போன் போட்டேன்.

"எங்க அண்ணாச்சி இருக்கீய?"

பின்னால் லாரி ஹாரன் அலறியது. "டெர்மினல்லதாம்ல."

"எந்த டெர்மினல்ல ஓய்?" என்று எரிந்து விழுந்தேன்.

கெக்கெக்கே என்று சிரித்தார். "என்னல வேணும் ஒனக்கு?"

"செவப்புச் சாவி எங்க இருக்கு?"

இடது பக்கம் திரும்பு, படியில் இறங்கு, குண்டை மிச்சம் வை என்று அவர் வழி சொல்லிக்கொண்டே போனார். சாவி எனக்கு முந்தாநாளே கிடைத்துவிட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.