கியரக்காவின் முழங்கால்

கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். வண்டி தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் காமயகவுண்டன்பட்டியில், எனக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் கியரக்கா. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரே எடுத்துக்கொண்டதில்லை.

நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும், நான் பார்த்ததில்லை. மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. தினமும் காலையில் ஒரு ஜீப் வந்து இருபது பேரை அள்ளிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். பத்துப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் இருபது பேர் ஏறினால் முன் சீட்டில் டிரைவரோடு சேர்த்து நாலு பேர். டிரைவரை ஒட்டி உட்காருகிறவர் கியர் கம்பியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் விட்டுக்கொண்டுதான் உட்கார முடியும். யாருக்கும் வேண்டாத இடம் அது. அந்த இடத்தில் அக்கா முப்பது வருஷம் உட்கார்ந்தார்.

அங்கேதான் அவருக்கு ஞானம் வந்தது. இரண்டாவது கியர் விழுந்தால் கம்பி பின்னால் வந்து இடது முழங்காலில் இடிக்கும். நாலாவது விழுந்தால் வலது முழங்காலில். ஒன்றும் மூன்றும் முன்னால் போய்விடும், அவற்றை "காத்து" என்பார். எந்த வளைவில் எந்த முழங்காலில் இடி விழ வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். விழவில்லை என்றால் டிரைவர் மேல் விழும்.

"ஏலே, வளைவு வந்துருச்சு, எடது முட்டி சும்மா இருக்கு. ரெண்டாவதப் போடுறா."

ஒரு மழைநாளில் டிரைவர் வளைவில் கியரைத் தவறவிட்டு ஜீப் பின்னால் உருள ஆரம்பித்ததும், அக்கா வலது முழங்காலால் ஒரே எத்தில் கம்பியை முதல் கியரில் தள்ளி வண்டியைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை உண்டு. அன்றைக்கு அதே ஜீப்பில் இருந்ததாக என்னிடம் சொன்னவர்கள் மட்டும் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அக்காவிடமே கேட்டேன். "எத்தலப்பா, லேசாத் தள்ளுனேன்" என்றார். அவ்வளவுதான்.

ஜீப்பில் மற்ற எல்லோரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குவார்கள். டிரைவரும் சில நாள் சேர்ந்துகொள்வதுண்டு. கியரக்கா மட்டும் முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வண்டியில் கண் மூடியதில்லை. "நானும் தூங்கிட்டா அவனுக்கு யாரு இருக்கா?" என்பார். வீட்டிலும் அப்படித்தான். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால், தெருவில் போகிற ஏதோ ஒரு வண்டி கியரைக் கரகரவென்று போட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஓடுகிற என்ஜின் சட்டென்று நின்றாலும் முழிப்பு வந்துவிடும். மேட்டில் நின்றுபோன ஜீப்பை இறங்கித் தள்ளிப் பழகிய உடம்பு.

இந்த ஞானத்தை அவர் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டுதான். கம்பம் போய்ச் சேருவதற்குள் டிரைவருக்கு வேர்த்துவிடும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்தார்கள். மாப்பிள்ளையே ஓட்டி வந்தார். எல்லோரும் அவர் படிப்பையும் சம்பளத்தையும் விசாரித்துக்கொண்டிருக்க, கியரக்கா பெண்ணின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பையன் கிளட்சு மேல இருந்து கால எடுக்கவே மாட்டேங்குறான். முடிவெடுக்கத் தெரியாத ஆளு. பாத்துக்கங்க."

பெண்ணின் அப்பா பத்து நாள் யோசித்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை தோட்டத்தில் போர் போடுவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் குடியிருக்கும் தெருவுக்குத்தான் நான் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தேன்.

எனக்குக் கம்பத்தில் எலக்ட்ரிக்கல் கடை. நாற்பத்தேழு வயது. தலையில் முடி குறைந்ததும் மனதில் வேகம் கூடிவிட்டது. கோட்டயம் பக்கம் ஒருவர் வைத்திருந்த சிவப்பு நிற வண்டி, இரண்டே சீட்டு, துணிக் கூரை, ஆறு கியர். கையால் கியர் போடுகிற வண்டிதான் வண்டி, மற்றதெல்லாம் சோபா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசிவிட்டுப் போய் வாங்கி வந்தேன். குமுளி இறக்கத்தில் லாரி டிரைவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். வண்டி அவ்வளவு தாழ்வு. தெருவே கூடி நின்றது. "மிச்சப் பேரு எங்கன உக்காருவாக?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

மறுநாள் கோவில் வாசலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். பூசாரி கையசைத்தார். நான் கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து, நாலு பழத்தையும் தாண்டிப் போய் நின்று அணைந்தது. ஒரு பழமும் நசுங்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். கியரக்கா மட்டும் என் காலைப் பார்த்தார்.

"தம்பி, செருப்பக் கழட்டிட்டு ஓட்டு. ஒனக்குக் கால்ல காது இல்ல."

நான் கேட்கவில்லை. எனக்கு ஆறு கியர், அவருக்குத் தெரிந்தது நாலு என்று நினைத்துக்கொண்டேன். முதல் மாதத்தில் தேனி சிக்னலில் ஒரு கிளட்ச் எரிந்தது. அல்லிநகரம் வரைக்கும் அந்த வாடை அடித்ததாகச் சொன்னார்கள். மூன்றாவது மாதத்தில் கம்பம் மெட்டு அடிவாரத்தில் இன்னொன்று. இரண்டு தடவையும் வண்டி டெம்போவின் மேல் ஏறித்தான் வீட்டுக்கு வந்தது. அந்த ஊர்வலத்துக்கு மேளம் மட்டும்தான் குறைச்சல்.

என் மனைவி சாந்திக்கு ஏற்கனவே அந்த வண்டி மேல் ஆத்திரம். "ஓடுறப்பக் குடிக்குது, சரி. நிக்கிறப்பவும் குடிக்குதே" என்று பெட்ரோல் முள்ளைக் காட்டிக் காட்டிப் பேசுவாள். இரண்டாவது டெம்போ வந்து நின்ற அன்று சத்தமே போடவில்லை. முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, "இன்னொரு தடவ இந்த வாட வந்துச்சு, அன்னிக்கே வண்டிய வித்துரணும். இது நம்ம பிள்ளைக மேல சத்தியம்" என்றாள். என்னையும் சத்தியம் செய்ய வைத்தாள். அன்று முதல் நான் வீட்டுக்கு வந்தால் முதலில் அவள் மூக்கு வரும், பிறகுதான் அவள்.

வேறு வழியில்லாமல் கியரக்காவிடம் போய் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

கியர் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் புதிதாக வாங்கியிருப்பவர்கள் இந்தப் பகுதியை வெட்டி வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். நான் மூன்று மாதமும் இரண்டு கிளட்ச்சும் கொடுத்து வாங்கியதை உங்களுக்கு வாரப் பத்திரிகை விலைக்கே தருகிறேன்.

கியர் தலையில் சும்மா கையை வைத்திருக்கக் கூடாது. "கன்னுக்குட்டியா, தடவிக் குடுக்க? போட்டயா, கைய எடு." கிளட்ச்சும் அப்படியே. மிதித்தால் முழுசாக மிதிக்க வேண்டும், விட்டால் முழுசாக விட வேண்டும், நடுவில் குடும்பம் நடத்தக் கூடாது. மேட்டில் நிற்கும்போது அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தூக்கிப் பிடித்துப் பெருமை காட்டக் கூடாது, அதற்குத்தான் கை பிரேக் இருக்கிறது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். என்ஜின் சூடாகும் முன்னால் விரட்டக் கூடாது. "நீ எந்திரிச்ச ஒடனே ஓடுவியா? காப்பி குடிச்சு, பேப்பர் பாத்து, பெறகுதான? அதுக்கும் அப்படித்தான்." வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேகம் தானாக வரும், அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

பரீட்சையும் வைத்தார். பக்கத்து சீட்டில் ஒரு கூடை பன்னீர் திராட்சை. கொஞ்சம் அதிர்ந்தாலும் காம்பை விட்டு உதிரும் ஜாதி. உத்தமபாளையம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். வந்ததும் உதிரிப் பழங்களைப் பொறுக்கி என் கையிலேயே கொடுத்துத் தின்னச் சொல்வார். முதல் வாரம் எனக்கு ராத்திரிச் சாப்பாடே தேவைப்படவில்லை. அனுமந்தன்பட்டியில் இருக்கும் ஒரு வேகத்தடை மட்டும் எனக்கு அரைக்கிலோ பழம் கொடுத்திருக்கும். ஆறாவது வாரம் நாலு பழம்தான் கிடைத்தது. "இப்பத்தான் வண்டிக்கு ஒன்னத் தெரியுது" என்றார். ஆனால் ஏறி உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். "திராட்சைக்கு உசுரு இல்ல தம்பி. எனக்கு இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் அவர் முழங்கால்கள் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. முப்பது வருஷ இடி. இனிமேல் ஜீப்பில் ஏறவே கூடாது என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஒரு வாரம் வெளியே வரவில்லை. தெருவில் யார் வேண்டுமானாலும் எந்த கியரில் வேண்டுமானாலும் போனார்கள், கேட்க ஆளில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. எட்டாவது நாள் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தோட்டத்துல என் மழைக்கோட்டு, தூக்குவாளி, கம்பளி எல்லாம் கெடக்கு. எடுத்துட்டு, எல்லார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வரணும். ஜீப்புலதான் ஏறக் கூடாதுன்னாக. இதுல ஏறக் கூடாதுன்னு சொல்லலைல?"

சாந்தி என்னைப் பார்த்தாள். கம்பம் மெட்டு. போன கிளட்ச் அதன் அடிவாரத்திலேயே போனது. "மதினியக் கூட்டிட்டுப் போங்க. வாட வந்துச்சுன்னா மட்டும்..." என்று நிறுத்திக்கொண்டாள். சத்தியம் சத்தியம்தான்.

காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பினோம். வண்டி அவ்வளவு தாழ்வாக இருந்ததால் அக்காவை உட்கார வைக்கச் சாந்தியும் நானும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. கால் நீட்டி, சாய்ந்து, தனி சீட்டில். இரண்டாவது வளைவிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"என்னக்கா, வலிக்குதா?"

"வலிக்கலப்பா. அதான் ஒண்ணுமே தெரியல. முட்டியில எதுவும் இடிக்க மாட்டேங்குது. நீ எதுல போறன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கியர் தலை கட்டையாக எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது, அவர் முழங்காலுக்கு எட்டாத தூரத்தில். முப்பது வருஷம் படித்த படிப்பு ஒரு சொகுசு சீட்டில் வீணாகிவிட்டது. அக்கா பயந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, என்ஜினைக் காதால் கேட்க ஆரம்பித்தார்.

பாதி மலையில், கொண்டை ஊசி வளைவின் செங்குத்தில், முன்னால் போன வைக்கோல் லாரி நின்றுவிட்டது. நானும் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து முட்டுகிற மாதிரி நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் ஜீப்பேதான். ஏதோ பஞ்சர் பார்த்துத் தாமதமாகக் கிளம்பியிருக்கிறார்கள். இருபது பெண்களும் தலையை வெளியே நீட்டினார்கள்.

"கியரக்கோவ். எறங்கி இங்கன வந்துரு, அது ஏறாது."

லாரி நகர்ந்தது. நான் கிளட்ச்சை விட்டேன். வண்டி அணைந்து ஒரு அடி பின்னால் போனது. ஜீப்பில் கூச்சல். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். இன்னொரு தடவை தப்பாக விட்டால் ஜீப்பில் இடிக்கும். பயந்து அரைக் கிளட்ச்சில் பிடித்தால் வாடை வரும், வண்டி போய்விடும்.

அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கை பிரேக்கை அக்கா பிடித்தார்.

"இத நான் பாத்துக்கிறேன். நீ மெதுவா ஏத்து. குரல் கம்முறப்ப விடுறேன்."

நான் கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டேன். என்ஜின் குரல் உயர்ந்தது, பிறகு இறங்கிக் கம்மியது. எனக்கு அது கேட்கும் முன்னால் அவர் கை இறங்கிவிட்டது. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த வளைவை ஏறினோம். பின்னால் ஜீப்பில் நீட்டிய தலைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷம் முழங்காலில் இருந்த வித்தை முதல்முறையாகக் கைக்கு வந்திருந்தது. எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. வாடை இருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

தோட்டத்தில் இரண்டு மணி நேரம். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். புதிதாக அந்த இடத்தில் உட்காருகிற பெண்ணிடம், "எடது முட்டிய மறந்துறாத" என்றார். மழைக்கோட்டு, கம்பளி, தூக்குவாளி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

இறக்கத்தில் முதல் வளைவுக்கு இரண்டாவது கியர் போட்டேன். சரியாகப் போட்டேனா என்று கேட்கத் திரும்பினேன். அக்கா கம்பளியில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நான் ஹாரன்கூட அடிக்கவில்லை. எல்லா வளைவும் இரண்டாவது கியர், தொட்டும் தொடாமலும் பிரேக். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. ஆறு கியர் வண்டியை ஒரு திராட்சை உதிராமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

சாந்தி வந்தாள். முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்தவள், உள்ளே பார்த்தாள். நான் சாவியில் கை வைத்தேன். என்ஜினை அணைத்தால் அக்கா எழுந்துவிடுவார்.

"ஓடட்டும், விடுங்க" என்றாள் சாந்தி, குரலைத் தாழ்த்தி. "மதினி நல்லாத் தூங்கட்டும்."