மாமனார் பெயரில் ஒரு நட்சத்திர மீன்

பெண் பார்க்கப் போகிறவன் வாயை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. நான் வாயோடு சேர்த்து நுண்ணளவு பார்க்கும் ஒரு வெர்னியர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. உதிரிபாகத்தை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சைப் பெட்டி, பிசகினால் சிவப்புப் பெட்டி. (சிவப்புப் பெட்டியில் போடும்போது எனக்கு வரும் மிடுக்கு நீதிபதிக்கே வராது.) ஆனால் பெண் வீட்டார் எல்லோரும் என்னைத்தான் சிவப்புப் பெட்டியில் போட்டார்கள். ஐ.டி.ஐ. படிப்பு, ஷிஃப்ட் வேலை, வாடகை வீடு. கலைவாணி வீட்டில் மட்டும்தான் "பாக்கலாம்" என்றார்கள்.

கலைவாணி பொன்னேரியில் தனியார் பள்ளி ஒன்றில் விலங்கியல் டீச்சர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (பிரியாணி இறங்கியது. அது வேறு கணக்கு.) "உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுற ஆளா இருந்தா போதும். ஸ்கூல்ல கண்காட்சி நடக்குது, அங்க வரட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கண்காட்சியில் அவள் பொறுப்பு நட்சத்திர மீன்கள்.

போதாதா? போனில் கிடைத்த வீடியோவெல்லாம் பார்த்தேன். நடுவிலிருந்து கை நுனிவரை ஒரு அளவு, நடுவிலிருந்து இரண்டு கைகளுக்கு இடைப்பட்ட பள்ளம்வரை இன்னொரு அளவு. இரண்டையும் ஒப்பிட்டால் எந்த வகை என்று கண்டுபிடிக்க உதவுமாம். அளவா? அது நம்ம ஏரியா ஆயிற்றே!

பஸ்ஸில் போகும்போதே வசந்தா அக்கா எச்சரித்தாள். "டேய், இதுவும் கைய வுட்டுப் போச்சுன்னா இனிமே நான் யார் ஊட்டு வாசப்படியும் ஏற மாட்டேன். டீ குட்தா குடி, சிரி. வாயத் தொறந்த, கொன்னுடுவேன்."

பள்ளியில் ஒரு நீலத் தொட்டி. அதில் பழவேற்காட்டுப் பக்கம் வலையில் சிக்கிய நட்சத்திர மீன்கள், கடல் தண்ணீரோடு. கலைவாணி அந்தப் பக்கம் மாணவிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குக் காவலாக அவள் அப்பா முனிரத்தினம். ஆரணிப் பக்கம் நெல் விவசாயம். கடலைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்தது மெரினா சுண்டல் மட்டும்தான்.

எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஐந்து கை, ஒன்றுக்கு மட்டும் நாலே கை. சட்டைப் பையிலிருந்து வெர்னியர் தானாக வெளியே வந்தது. அளந்தேன். இன்னொரு முறை அளந்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது.

"மாமா, இது புது இனம்!"

"அப்டின்னா இன்னாபா?"

"உலகத்துல யாருமே பாக்காதது. கண்டுபுடிச்சவன் பேர் வைக்கலாம். உங்க பேரையே வைக்கிறேன். முனிரத்தினென்சிஸ்!"

அவர் மீசை ஒரு அங்குலம் உயர்ந்தது. உடனே போனை எடுத்தார். "டேய் மச்சான், எம்பேர்ல கடல்ல ஒரு மீனு கீதுடா! மாப்ள கண்டுபுட்ச்சிக்கீறாரு!" (மாப்பிள்ளை என்றார்! அக்கா என்னைப் பெருமையாகக் கிள்ளினாள்.) யாரோ ஓடிப்போய் மைக்கிலும் அறிவித்துவிட்டார்கள். பள்ளியே தொட்டியைச் சுற்றி நின்றது.

கலைவாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீருக்குள்ளேயே அதை மெல்லத் திருப்பி, இரண்டு கைகளுக்கு நடுவே விரலை வைத்தாள். அங்கே மிளகு அளவில் ஒரு மொட்டு.

"கை ஒடஞ்சிருக்கு. இப்பதான் திரும்ப வளருது. ஓரத்துல சீப்பு மாதிரி முள் இருக்கு பாருங்க, ஆஸ்ட்ரோபெக்டன். மணல்ல பொதைஞ்சு கிடக்கும். வலையில வந்தா தூக்கிப் போட்டுடுவாங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இது எப்படி வெளிக்குப் போகும்?"

"இந்த வகைக்குப் பின்பக்க வழியே கிடையாதும்மா. தின்னது போக மிச்சத்தையும் அதே வாயாலதான் துப்பும்."

கூட்டம் அப்படியே முனிரத்தினம் மாமா பக்கம் திரும்பியது. அவர் இன்னும் போனில் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது.

"எம்பேர இன்னாத்துக்குடா வச்ச?" என்றார். 'பா' போய் 'டா' வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்காவும் பின்னாலேயே "அண்ணே, அண்ணே" என்று ஓடினாள்.

நானும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த மொட்டு என்னை விடவில்லை. "அப்போ குறைன்னு இத ரிஜெக்ட் பண்ணக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். கலைவாணி சிரித்துவிட்டாள். மேலே இருக்கிற வெள்ளைப் புள்ளி கண்ணா என்றேன். இல்லையாம், தண்ணீர் உள்ளே போகும் வடிகட்டியாம். அந்தத் தண்ணீர் அழுத்தத்தில்தான் கைகளுக்கு அடியில் இருக்கிற குட்டிக் குட்டிக் கால்கள் நகருமாம். "அட, எங்க ஹைட்ராலிக் பிரஸ்!" என்று கத்தினேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை.

அடுத்த வாரம் அந்த வீட்டில் பெரிய சண்டையாம். "அவன் பேஜாரு புடிச்சவன்மா" என்று அப்பா சொல்ல, கலைவாணி சொன்னாளாம்: "இருக்கட்டும் நைனா. தப்பு பண்ணாலும் அளந்து பண்றாரு. தெரியாதத கேக்க வெக்கப்படல. எனக்கு இவர் போதும்."

கல்யாணத்தில் மாமா என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பேசவில்லை. சொந்தக்காரர்கள்தான் விடாமல் பேசினார்கள். பந்தியில் "முனிரத்தினென்சிஸுக்கு இன்னொரு வடை வைப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவர் என்னை முறைப்பார்.

எங்களுக்கு மகள் பிறந்தபோது நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் கையை நீட்டினேன். மாமா குறுக்கே வந்தார்.

"நீ எண்ணாத, மாப்ள."

அவரே வாங்கிக்கொண்டார். துணியை விலக்கிக் கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு வராந்தாவில் இருந்த சொந்தபந்தம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

"இருபதும் கீது. புது இனம்லாம் ஒண்ணும் இல்ல!"