லிஃப்ட் நின்றது முரண்நகையா?

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனங்கள் உலகில் ஆயிரம் உண்டு. சொற்களையும் சேர்த்துப் பராமரிக்கும் ஒரே நிறுவனம் எங்களுடையது.

அன்று காலை எங்கள் அலுவலக லிஃப்ட்டையே பழுதுபார்க்கப் போன மெக்கானிக், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் உள்ளே மாட்டிக்கொண்டார். மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். மூச்சு வாங்க ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்தோம்.

எங்கள் விதிப்படி எந்தச் சம்பவத்தையும் வகை பிரித்த பிறகே கை வைக்கலாம். ‘விபத்து’ என்றால் நிறுவனம் பொறுப்பு. ‘முரண்நகையானது’ என்றால் யாரும் பொறுப்பில்லை. லேசாகச் சிரித்துவிட்டுக் கலையலாம். நாகரிகமான ஏற்பாடு.

"ரிப்பேர் பண்ணப் போனவரே மாட்டிக்கிட்டாரு. இதைவிட முரண்நகை என்னய்யா வேணும்?" என்றார் மேலாளர்.

"அது எப்படி சார்?" என்றார் கணக்காளர். "மழையில போனவன் நனைஞ்சா முரண்நகையா? நனையாம வந்தாத்தான் சார்."

கதவைத் தள்ளிக்கொண்டு வரவேற்பறைப் பெண் வந்தாள்.

"சார், உள்ள இருக்கிறது எங்க அக்கா வீட்டுக்காரர். வீசிங் இருக்கு. இன்ஹேலர் இருக்கிற பை கீழ கிடக்கு. அந்தச் சாவியக் குடுங்க."

லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி, கூட்டக் குறிப்புகள் பறந்துவிடாமல் அவற்றின்மேல் கடமையாற்றிக்கொண்டிருந்தது.

"பொறும்மா. வார்த்தை இன்னும் முடிவாகல" என்றார் மேலாளர்.

"ஆளு முடிஞ்சிருவாரு சார்!"

சுவருக்கு அப்பால் டம் டம் என்று தட்டல். "அவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லும்மா. யோசிக்கவே முடியல."

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "யாருமே எதிர்பார்க்காதது நடந்தாத்தான் முரண்நகை. எதிர்பார்த்தது நடந்தா, அது வெறும் விபத்து. இந்த லிஃப்ட் பாதியில நின்னுடும்னு யாராவது எதிர்பார்த்தீங்களா?"

அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். காகிதங்கள் பறந்தன.

"எதிர்பார்க்கவே இல்லை!" என்று ஒரே குரலில் சொன்னோம். என் குரல்தான் பெரியது. தீர்மானம் நிறைவேறியது.

பறந்த காகிதங்களைப் பொறுக்கிக் கையெழுத்திட்டு வெளியே வந்தால், படிக்கட்டில் மெக்கானிக் இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"வாசல்லயேதான் நான் உக்காந்திருக்கேன். நீங்க ஒருத்தராவது லிஃப்ட்ல ஏறி நான் பாத்ததில்லையே சார்?"

"படி ஏறுறது உடம்புக்கு நல்லதும்மா" என்றார் மேலாளர்.

லிஃப்ட் நிற்கும் என்று கனவிலும் எதிர்பார்க்காத நாங்கள், தினமும் போலவே அன்றும் படியில் இறங்கினோம். அன்று மட்டும் நடுவில் ஒருவருடைய காலைத் தாண்ட வேண்டியிருந்தது.