பூஞ்சை அண்ணாத்தேயும் சபியா அக்காவின் மல்லித் தோட்டமும்

கள்ளிக்குப்பத்தில் சோறு பூசணம் பிடித்தால் கைதட்டிச் சந்தோஷப்பட்ட ஒரே ஆத்மா, எங்கள் மேல்வீட்டுப் பூஞ்சை அண்ணாத்தேதான். உடம்பும் பூஞ்சைதான், பலமாகத் தும்மினால் நாலடி தள்ளி நிற்பார். ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, வேகவைத்த சோளத்தில் பச்சைப் பூஞ்சை வளர்க்க ஆரம்பித்துவிட்டார். கட்டிலுக்கடியில் பை, பீரோவில் பை. பட்டுப்புடவை எடுக்கப்போன அண்ணி அலறிய அலறல் அம்பத்தூர் எஸ்டேட் வரை கேட்டிருக்கும்.

"இன்னாத்துக்கு கத்துற? இது நல்ல பூஞ்சை. வேரை அழுக வைக்கிற கெட்ட பூஞ்சைய சுத்தி வளைச்சு துன்னுடும்."

"நல்லதோ கெட்டதோ, என் பட்டுப்புடவையத் துன்னாம இருந்தா சரி."

அவரை முதலில் நம்பியது, பட்டாபிராம் பக்கம் குத்தகை நிலத்தில் மல்லி போட்டிருந்த சபியா அக்கா. வேர் அழுகி வரிசை வரிசையாகச் செடி காய்ந்துகொண்டிருந்தது. பூ இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அண்ணாத்தே மக்கிய சாணத்தில் பூஞ்சையைக் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, இரண்டு வாரம் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு செடியடியிலும் வைத்தார்.

"செத்தது செத்ததுதாம்மா. மிச்சத்த இது பாத்துக்கும். கடை மருந்து மட்டும் ஊத்திடாத, நல்லதும் சேர்ந்து பூடும்."

மூன்று மாதத்தில் மிச்சச் செடிகள் துளிர்த்தன. அப்போது பார்த்து அண்ணாத்தேக்குக் கண் ஆபரேஷன், அக்காவுக்கு வெளியூரில் மகள் பிரசவம். "பத்து நாள் பாத்துக்கோ நைனா" என்று தோட்டத்தை என்னிடம் விட்டார்கள். கம்ப்யூட்டரைத் தவிர எதையும் உயிரோடு வைத்திருக்கத் தெரியாத என்னிடம்!

நாலாம் நாள் இரண்டு செடி தலை தொங்கியது. ஆபரேஷன் ஆனவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. பூச்சிமருந்துக் கடைக்காரர், "ஒரே ஊத்துல சரியாயிடும் சார்" என்றார். ஊற்றக்கூடாது என்பது ஞாபகமிருந்தது; பயம் அதைவிடப் பெரிதாயிருந்தது. தோட்டம் முழுக்க ஊற்றினேன்.

கறுப்புக் கண்ணாடியோடு வந்த அண்ணாத்தே ஒரு பிடி மண்ணை முகர்ந்தார்.

"இன்னா ஊத்துன?"

சொன்னேன். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி ஜாஸ்தி உட்டுகீற நைனா. அதான் தொங்கிச்சு. வேற ஒண்ணியுமில்ல."

மறுபடி பூஞ்சை வைத்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, கெட்ட பூஞ்சை முந்திக்கொண்டது. தை பிறப்பதற்குள் தோட்டம் விறகாயிற்று.

"என் சரக்கு சரியில்லம்மா" என்றார் அக்காவிடம். என் பெயரை எடுக்கவேயில்லை.

அக்கா குத்தகையை விட்டுவிட்டு பூந்தமல்லியில் சட்டைக்குப் பட்டன் தைக்கப் போனாள். பல மாதம் கழித்து நேரில் போய் உண்மையைச் சொன்னேன். ஊசியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அண்ணாத்தே அதற்குப் பிறகு பூஞ்சை வளர்க்கவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணும் இப்போது மங்கிவிட்டது. ஞாயிறுதோறும் நான்தான் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். கொஞ்சம் தாமதமானால் போன் வந்துவிடும்: "இன்னா நைனா, உடம்பு சரியில்லியா?"